டாங்கி வயர்லெஸ்ஸுக்கு வைத்தியம்

முகப்பில் ஆங்கிலம், கூடவே ரஷ்ய எழுத்து. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைக்கு அனுப்புவதற்காகக் கனடாவில் செய்த ‘வயர்லெஸ் செட் எண் 19’ஐ இதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். 1940இல் பிரிட்டிஷ் டாங்கிகளுக்காகக் கேம்பிரிட்ஜின் பை நிறுவனம் வடிவமைத்த செட் இது. தொலைவுக்குப் பேச 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பகுதி. பக்கத்து டாங்கியோடு பேச 230 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இன்னொன்று. உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் பேச இன்டர்காம். மூன்றும் ஒரே பெட்டியில்.

முதல் பகுதி ஏ.எம். முறையில் பேசுகிறது. சீரான ஓர் அலையைக் கிளப்பி, குரலுக்கு ஏற்ப அதன் வீச்சைக் கூட்டிக் குறைப்பதுதான் ஏ.எம்.

இத்தனை வயதான செட்டை வாங்கியதும் சுவிட்சைத் தட்டிப் பார்க்கக் கை பரபரக்கும். கூடாது. உள்ளே ஒயர்களின் ரப்பர் உறை தொட்டாலே உதிரும். பேப்பர் கண்டன்சர்கள் கசியும். ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் கண்டன்சர் கசிந்தால், அடுத்த வால்வின் கிரிட்டுக்கு நேர் மின்னழுத்தம் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்போ காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும். அலையை வெளியே தள்ளும் 807 வால்வுக்குச் செல்வது சுமார் 500 வோல்ட். செட்டை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை ரெசிஸ்டர் வழியே இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் வேறு. டிரான்ஸ்மிட்டர் சரியில்லை என்று 807ஐயே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் இந்த செட்டில் டிரான்ஸ்மிட்டருக்கென்று தனி டயல் கிடையாது. ரிசீவரின் ஆசிலேட்டர் அலையோடு, 465 கிலோஹெர்ட்ஸில் ஓடும் இன்னோர் ஆசிலேட்டரின் அலையைக் கலந்துதான் அனுப்பும் அலையே பிறக்கிறது. கேட்கும் அலைவரிசையிலேயே பேசவும் முடிவது இதனால்தான். குலுங்கி ஓடும் டாங்கிக்குள் இரண்டு டயலைத் திருப்ப யாருக்கு நேரம்? ஆக, ரிசீவரின் 465 கிலோஹெர்ட்ஸ் காயில்களை முதலில் சரிசெய்யாமல் டிரான்ஸ்மிட்டரைத் தொடுவது வீண் வேலை.

அடுத்தது டியூனிங். எதிர்முனை நிலையத்தின் அலையை ரிசீவரில் பிடித்து, ‘நெட்’ சுவிட்சை அழுத்தினால் ஹெட்போனில் விசில் கேட்கும். டயலை மெல்லத் திருப்ப, அது கீழே இறங்கி அடங்கும் இடத்தில் இரண்டு அலைகளும் ஒன்றிவிட்டன. பிறகு ஏரியலுக்குப் பதில், அலையை வெளியே விடாத டம்மி லோடை மாட்டி, மீட்டரை ஏரியல் நிலைக்கு மாற்றி, முள் உச்சத்துக்கு ஏறும்வரை பி.ஏ. (பவர் ஆம்ப்ளிஃபயர்) குமிழைத் திருப்ப வேண்டும். இதில் சாவகாசம் ஆகாது. டியூன் ஆகாத நிலையில் 807இன் தகடு சிவக்கத் தொடங்கிவிடும்.

உண்மையான ஏரியலை இணைத்ததும் கணக்கு மாறும். ஏரியலைச் செட்டோடு இசைய வைக்கும் வேரியோமீட்டரைத் திருப்பி மறுபடி உச்சம் தேட வேண்டும். இப்படி அலையை வெளியே அனுப்ப அமெச்சூர் உரிமம் தேவை. மைக்கிலும் கவனம்: இதற்கு உரியது மூவிங் காயில் மைக், பழைய டெலிபோன் கார்பன் மைக்கை மாட்டினால் வேலைக்கு ஆகாது. செட் சூடேறும்வரை அலைவரிசை நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், நெட் செய்வதற்கு முன் அரை மணி நேரமாவது ஓடவிடுவது நல்லது.