வார்னிஷ் கேட்ட கார்கள்

அந்தக் காருக்கு ஆண்டுக்கொரு முறை வார்னிஷ் அடிக்க வேண்டும். அதற்கு முன் பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இணைப்புகளில் போல்ட் தளர்ந்திருந்தால் முறுக்க வேண்டும். அசட்டையாக விட்டால் கதவின் அடிக்கட்டை கறுத்து, இற்றுப் போகும். அமெரிக்கர்கள் செல்லமாக ‘உட்டி’ என்று கூப்பிட்ட, முன்பக்கம் இரும்பும் பின்பக்கம் மரமுமான ஸ்டேஷன் வேகன்கள் இவை. இன்று ஏலத்தில் இவற்றுக்குக் கேட்கப்படும் விலையைப் பார்த்தால் பரம்பரைச் செல்வந்தர் வீட்டு வாகனம் என்றே தோன்றும். உண்மையில் இவை கூலிக்கு மூட்டை சுமந்த வண்டிகள்.

ரயிலை விட்டு இறங்கும் பயணிகளையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஓட்டலில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஃபோர்டு மாடல் டி சேசிஸை வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து மேலே மரக்கூடு கட்டிக்கொண்டார்கள். நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1923இல் டியூரண்ட் நிறுவனம் தன் ‘ஸ்டார்’ காரை மரப் பாடியோடு தானே விற்றது. 1929இல் ஃபோர்டு, மாடல் ஏ வேகனைக் கொண்டுவந்தது. அதன் பக்கவாட்டில் கண்ணாடிகூடக் கிடையாது. மழை வந்தால் படுதாவை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அழகுக்காகத்தான் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இப்போது சிலர் உருகுகிறார்கள். எனக்கென்னவோ இதை வெறும் வரவு செலவுக் கணக்காகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. தகட்டை அழுத்திக் கதவும் கூரையும் எடுக்க வேண்டுமானால் முதலில் பெரிய அச்சுகள் செய்தாக வேண்டும். அந்தச் செலவு லட்சக்கணக்கில் கார் விற்றால்தான் கட்டுப்படியாகும். வேகன் அந்த அளவுக்கு விற்கவில்லை. மரத்துக்கு அச்சு வேண்டாம். ரம்பமும் கைதேர்ந்த தச்சர்களும் போதும்.

ஹென்றி ஃபோர்டிடம் இவற்றோடு காடும் இருந்தது. மாடல் டியின் உடற்கூட்டுக்கே நிறைய மரம் தேவைப்பட்டதால், 1920 வாக்கில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார். அங்கே அயர்ன் மவுண்டன் என்ற ஊரை ஒட்டி மர ஆலை எழும்பியது. வேகன் பாடிக்குச் சட்டம் மேப்பிள் மரத்தில். நடுவில் பதிக்கும் பலகை பிர்ச்சிலோ மஹாகனியிலோ. சட்டங்கள் சேரும் மூலையை நெருங்கிப் பார்த்தால், இரு துண்டுகளின் முனைகளையும் பல்பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பசை வைத்திருப்பது தெரியும். வார்னிஷுக்குள் அந்த வரிகள் பளிச்சென்று நிற்கும். மறைக்க முயலவே இல்லை. ஆலையில் மிஞ்சிய துண்டு துணுக்குகளையும் ஃபோர்டு விடவில்லை. கரிக்கட்டிகளாக்கித் தன் கார் ஷோரூம்களிலேயே விற்றார். காடு வாங்க உதவிய உறவினர் கிங்ஸ்ஃபோர்டின் பெயரைப் பின்னாளில் அந்தக் கரி எடுத்துக்கொண்டது. அமெரிக்கர்கள் இன்றும் கறி சுடுவது அதில்தான். இரண்டாம் உலகப்போரின்போது அதே ஆலையில் ராணுவத்துக்கு 4,000க்கும் மேற்பட்ட கிளைடர் விமானங்கள் செய்தார்கள்.

1941இல் கிறைஸ்லர் ‘டவுன் அண்ட் கன்ட்ரி’யை இறக்கியதும் சுமைவண்டிக்குச் சீமான் அந்தஸ்து வந்துவிட்டது. போர் முடிந்தபின் அதே பெயரில் கூரை மடக்கும் கன்வர்ட்டிபிள் வந்தது. மூட்டை முடிச்சு சுமக்கவென்று கட்டப்படாத காருக்கு மரக் கதவு! போருக்கு முந்தைய வடிவத்தையே மறுபடி விற்க வேண்டியிருந்த காலத்தில் கண்ணுக்குப் புதிதாக ஏதாவது வேண்டாமா? வேடிக்கை என்னவென்றால், 1947இலேயே மஹாகனிப் பலகைக்குப் பதில் மரம்போல் அச்சடித்த ஒட்டுத்தாள் வந்துவிட்டது. சுற்றியிருந்த சட்டம் மட்டும் நிஜ மரம்.

வீழ்ச்சிக்கு அதிக நாளாகவில்லை. போரிலிருந்து திரும்பியவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, புறநகரில் வீடு கட்டிக் குடியேறினார்கள். வேகன் திடீரென்று எல்லாக் குடும்பங்களுக்கும் வேண்டிய வண்டியானது. இப்போது இரும்பு அச்சு கட்டுப்படியாகும். 1946இல் வில்லிஸ் நிறுவனம் முழு இரும்பு வேகனை விற்றது. அதற்கும் மர நிறத்தில் வண்ணம் பூசித்தான் அனுப்பினார்கள். 1949இல் பிளிமத்தின் இரும்பு வேகன் ‘சபர்பன்’ வந்தது. வார்னிஷ் வேலை இல்லை, முனகல் சத்தம் இல்லை. குழந்தைகளை ஏற்றி இறக்கும் தாய்க்கு வேறென்ன வேண்டும்? அயர்ன் மவுண்டன் ஆலையை 1951இல் மூடினார்கள். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் கடைசியாக நிஜ மரம் வைத்து வேகன் விற்றது ப்யூக், 1953இல்.

மரம் போனது, அதன் படம் போகவில்லை. ஃபோர்டின் ‘கன்ட்ரி ஸ்குவயர்’ 1991 வரை பக்கவாட்டில் பிளாஸ்டிக் மரத்தை ஒட்டிக்கொண்டு ஓடியது. இதைக் கிண்டலடிக்கவே 1983இல் வந்த ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெகேஷன்’ படத்தில் பச்சை நிறத்தில் ஓர் அவலட்சணக் காரை உருவாக்கினார்கள்.

நிஜ உட்டிகள் பழைய கார் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வந்தன. கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்குப் பையன்களுக்கு அது போதுமானதாக இருந்தது; ஒன்பது, பத்தடிப் பலகையைத் திணிக்க அந்த நீளமான வண்டியைவிட வசதி எது? ஈரத் துணியோடும் மணலோடும் உள்ளே ஏறினார்கள். யார் வார்னிஷ் அடித்தார்கள்? 1963இல் ஜான் அண்ட் டீன் பாடிய ‘சர்ஃப் சிட்டி’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது, அதில் புகழப்பட்ட வண்டி இதுதான். அன்று வீசியெறிந்த விலைக்குப் போன கிறைஸ்லர் கன்வர்ட்டிபிள், நன்றாகப் புதுப்பித்திருந்தால் ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதுண்டு.

பிரிட்டனில் கதை இன்னும் நீண்டது. சென்னையிலும் கொழும்பிலும் பழகிய மோரிஸ் மைனரின் ‘டிராவலர்’ வேகன் 1953 முதல் 1971 வரை ஆஷ் மரச் சட்டத்தோடு வெளிவந்தது. அந்தச் சட்டம் ஒப்பனை இல்லை. பின்பாதியைத் தாங்குவதே அதுதான். ஆகவே அங்கே தகுதிச் சோதனை கட்டாயமாக இருந்த காலத்தில், மரம் இற்றிருந்தால் காரைத் தேறவிட்டதில்லை. மாற்றுச் சட்டங்களை இன்றும் புதிதாக அறுத்து விற்கிறார்கள். டிராவலர் வைத்திருப்பவர் மெக்கானிக்கோடு ஒரு தச்சரின் தொலைபேசி எண்ணையும் கையில் வைத்திருக்க வேண்டும்.