சப்பு மரமும் அதன் சொந்தங்களும்

1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. ஊர் மேட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தது, பெயர் மாறவில்லை. அப்பகுதி வீட்டுத்தோட்டங்களில் வளரும் சப்பு மரத்துக்கோ நேர்மாறானது நிகழ்ந்துள்ளது. மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் தாவரவியற் பெயர் மாறிவிட்டது.

தமிழில் சண்பகம் எனப்படும் இம்மரத்தின் மலர் மாலைக்கும் அத்தருக்கும் பயன்படுவது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் இதற்கு 'மிசேலியா சம்பகா' எனப் பெயரிட்டார். மக்னோலியாவை அவர் வேறொரு சாதியாகக் கொண்டார். மக்னோலியாவின் பூ கிளை நுனியில் மலரும். சண்பகமோ இலைக்கக்கத்தில் மலரும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய முக்கிய அடையாளம் இதுவே.

ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய மரபணு ஆய்வுகள், மிசேலியா என்பது மக்னோலியாவின் ஒரு கிளையே எனக் காட்டின. இன்று தாவரவியலாளர் பலரும் அதனை 'மக்னோலியா சம்பகா' என்றே அழைக்கின்றனர். இக்கணிப்பின்படி மக்னோலியாக் குடும்பத்தில் இரண்டு சாதிகளே உள்ளன. ஒன்று, சுமார் 300 இனங்களைக் கொண்ட மக்னோலியா. மற்றையது, வட அமெரிக்காவில் ஒன்றும் கிழக்காசியாவில் ஒன்றுமாக இரண்டே இனங்களைக் கொண்ட லிரியோடென்ட்ரன். மக்னோலியா என்ற பெயர், தாவரங்களைக் குடும்பங்களாக வகுக்கும் எண்ணத்தை 1689இல் முன்வைத்த பிரெஞ்சு அறிஞர் பியர் மக்னோலின் நினைவாக இடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இக்குடும்பத்தின் உறவு அத்துடன் முடிவதில்லை. கண்டி மாவட்டத்தின் பெருமைக்குரிய சாதிக்காயும், அன்னமுன்னாவும் சண்பகத்தின் வருணத்தையே சேர்ந்தவை. கறுவாவும் மிளகும் சற்றுத் தூரத்துச் சொந்தங்கள். அவை வேறு வருணங்களுக்குரியவையாயினும் ஒரே பெரும் வம்சத்தில் அடங்குகின்றன. அதேவேளை, ஒரே கடையில் விற்கப்படும் கராம்பும் ஏலமும் இவ்வம்சத்தைச் சேர்ந்தவையல்ல. சந்தையில் ஒன்றாக இருப்பவை யாவும் உறவினரல்ல என்பதை வகைப்பாடு உணர்த்துகிறது.

இதனை வெறும் ஏட்டறிவு என ஒதுக்க முடியாது. எமது நாட்டில் சப்பு என்ற பெயரில் இரண்டு மரங்கள் உள்ளன. மஞ்சட்பூப் பூக்கும் கினிசப்பு, பலகைக்காகவும் நிழலுக்காகவும் நடப்படுவது. வல்சப்பு எனப்படும் 'மக்னோலியா நீலகிரிக்கா' வெண்ணிறப் பூவுடையது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் இலங்கையின் மத்திய மலைக்காடுகளிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. தோட்டத்து மரத்தை வெட்டினால் மீண்டும் நடலாம். காட்டு மரத்தின் இழப்பு அவ்வாறு எளிதில் ஈடுசெய்யப்படாது. இரண்டையும் வெறுமனே 'சப்பு' என்று பதிந்தால், காட்டில் குறைவது கணக்கிலேயே வராது போகும். சண்பகக் கன்றுகளை நட்டுவிட்டு வனத்தை மீட்டுவிட்டோம் என மனநிறைவு கொள்ளவும் இடமுண்டு.

நக்கிள்ஸ் மலைத்தொடர் உள்ளிட்ட மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமையாக அங்கீகரிக்கப்பட்டது. அம்மலைகளின் அடிவாரத்தில் வாழ்வோர் தம்மைச் சூழவுள்ள மரங்களை இனம்பிரித்து அறிந்திருத்தல் அவசியம். பாடசாலைத் தோட்டங்களில் மரங்களின் ஊர்ப்பெயருடன் தாவரவியற் பெயரையும் எழுதி வைப்பது அதற்கான எளிய தொடக்கமாக அமையும்.