உறைந்த உணவும் உறையின் மேலுள்ள திகதியும்

உறையவைத்துப் பேணிய மீனையோ கோழியிறைச்சியையோ வெளியே எடுக்கும்போது, உறையின்மேல் அச்சிடப்பட்ட திகதி கடந்துவிட்டதைக் கண்டு தயங்காதார் மிகச் சிலரே. எறிவதா, சமைத்து உண்பதா? உண்ணத்தக்க உணவை எறிதல் பொருளிழப்பு. உண்ணத்தகாததை உண்ணுதல் உயிருக்கே ஊறு. ஆகவே இவ்வினாவைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்து.

உணவு பழுதடைதற்குத் தலையாய காரணம் நுண்ணுயிர்களின் பெருக்கமாகும். அவை பெருகுதற்கு நீரும் அளவான வெப்பமும் வேண்டும். நம் முன்னோர் மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கியது அந்நீரை அகற்றும் பொருட்டேயாம். உறையவைத்தலும் ஒருவகையில் அத்தகையதே. நீர் பனிக்கட்டியாகிவிடுவதால் நுண்ணுயிர்களுக்கு அது பயன்படுவதில்லை. கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்னும் அமெரிக்கர் லாப்ரடோரிலே கடுங்குளிரில் மீன் விரைந்து உறைவதைக் கண்டு, 1920களில் விரைவுறைத்தல் முறையை வணிகத்துக்கு ஏற்றவாறு வகுத்தார். இன்று உறையுணவுக்கு வகுக்கப்பட்டுள்ள வெப்பநிலை பூச்சியத்தின் கீழ் 18 பாகை செல்சியசு ஆகும். அந்நிலையில் எந்த நுண்ணுயிரும் பெருகுவதில்லை.

அங்ஙனமாயின் திகதி எதற்காக? சுவைக்காகவே எனலாம். உறைநிலையிலும் கொழுப்பு மெல்லமெல்ல ஒட்சிசனுடன் சேர்ந்து சிக்கு நாற்றம் கொள்ளும். பனிக்கட்டி நேரே ஆவியாவதால் மேற்புறம் வெளிறி உலரும். கொழுப்புமிக்க மீன் 2 முதல் 3 மாதமும், அரைத்த இறைச்சி 3 முதல் 4 மாதமும், முழுக்கோழி ஓராண்டும் தம் இயல்பான சுவையுடன் இருக்கும். குளிர் இடையறாது காக்கப்பட்டிருப்பின், அதன் பின்னரும் அவை சுவை குன்றுமேயன்றி நஞ்சாவதில்லை. உறையவைக்காது குளிரூட்டி மட்டும் விற்கப்படும் இறைச்சி முதலியவற்றின் திகதியோ வேறு. அது பாதுகாப்புக்கே உரியது. அவற்றை உறையவைப்பதாயின் அத்திகதிக்கு முன்னரே உறையவைத்தல் வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. உறைதல் நுண்ணுயிர்களை உறங்கவைக்கின்றதேயொழியக் கொல்வதில்லை. ஹங்கேரி நாட்டிலே உறையவைக்கப்பட்ட சோளத்தோடு தொடர்புற்ற லிஸ்டீரியா நோய், 2015 முதல் 2018 யூன் வரை ஐரோப்பிய நாடுகள் ஐந்தில் 47 பேரைப் பீடித்தது. அவருள் 9 பேர் இறந்தனர். திகதி கடந்தமையால் நேர்ந்த தீங்கன்று அது. உறையவைக்கும் இடத்திலேயே கிருமி கலந்தமையால் நேர்ந்தது. உறைந்த மரக்கறியையும் நன்கு வேகவைத்தே உண்ணவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உறக்கம் கலைவது பனி உருகும்போதாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பற்றீரியா ஒன்று, ஆறு மணித்தியாலத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்படும். நம் நாட்டிலே 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு நிகழ்ந்ததை யாவரும் அறிவர். அத்தகைய நாட்களில் உருகி மீண்டும் உறைந்த பொதியின் திகதி மட்டும் மாறுவதில்லை! கதவு திறவாதிருப்பின், நிரம்பிய உறைபெட்டி ஏறக்குறைய 48 மணித்தியாலமும் பாதி நிரம்பியது 24 மணித்தியாலமும் குளிரைக் காக்கும் என்பர். அடிக்கடி திறக்கப்படும் பெட்டிக்கு இக்கணக்குப் பொருந்தாது. சூரை முதலிய மீன்கள் வெப்பத்திற் கிடந்தால் அவற்றில் ஹிஸ்ரமீன் என்னும் பொருள் தோன்றும். பின்னர் உறையவைத்தாலும் சமைத்தாலும் அது அழிவதில்லை.

இதனை அறிதற்கு எளிய வழியொன்றுண்டு. சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, அதன்மேல் நாணயமொன்றை இட்டு, உறைபெட்டியினுள்ளே வைத்திடுக. வெளியூர் சென்று மீண்டபோது நாணயம் மேலேயே இருப்பின் பனி உருகவில்லை எனத் தெளியலாம். அடியில் உறைந்து கிடப்பின், இடையில் யாவும் உருகி மீண்டும் உறைந்தன என்பது பொருள். அவ்வுணவை, அதன் திகதி எவ்வளவு தொலைவில் இருப்பினும், எறிந்துவிடுதலே தகும்.

மின்தடையின் பின்னர், உள்ளே பனித்துகள் எஞ்சியிருக்கும் உணவை மீண்டும் உறையவைக்கலாம். சுவை சிறிது குறையும். முற்றாக உருகி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அறைவெப்பத்திற் கிடந்த மீனையும் இறைச்சியையும் நீக்குக. உறைந்ததை உருகவைக்கும்போதும் மேசைமேல் வைக்காது, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தலே முறை. கெட்ட உணவு எப்போதும் நாறுவதில்லை. ஆதலின் மூக்கை மட்டும் நம்புதலும் தவறு.

சுருங்கக் கூறின், திகதி கடந்ததா என்பதிலும் குளிர் அறுந்ததா என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. குளிர் அறாதிருந்தால், திகதி கடந்த உணவையும் நன்கு சமைத்து உண்ணலாம். அறுந்திருந்தால், திகதி நம்மைக் காக்காது. வீட்டுச் சமையலறைக்கு மாத்திரமன்றி, பலருக்கு ஒருங்கே உணவு சமைக்கும் மாணவர் விடுதிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.