ஃபோமட் செய்யுமுன் அந்த நீலத்திரையை வாசியுங்கள்

2006ஆம் ஆண்டு. நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. புறக்கோட்டையில் எங்கள் புடைவை மொத்தக் கடையில் மூச்சுவிட நேரமில்லை. கீழே காசாளர் மேசையில் ஒரு கணனி, மேல்மாடிக் களஞ்சியத்தில் இன்னொன்று. இரண்டையும் இணைத்துவிட்டால் இருப்புக் கேட்டுப் பையன் படியேற வேண்டியதில்லை என்று நினைத்தேன். கணனி திருத்தும் தம்பி ஒருவர் வந்து இணைத்தார். கூடவே, வெளியிலிருந்து வேண்டாதது நுழையாமல் தடுக்கும் ஃபயர்வோல் மென்பொருள் ஒன்றையும் கீழ்க் கணனியில் போட்டார்.

அதோடு பிடித்தது சனியன். விண்டோஸ் எக்ஸ்பி திறக்கும், ஒரு நீலத்திரை மின்னல்போல் வெட்டி மறையும், கணனி தானாகவே மீண்டும் தொடங்கும். மறுபடியும் அதே கதை. ஒரு மணித்தியாலம் இப்படியே போயிற்று.

“நானா, ஃபோமட் அடிச்சாச் சரி” என்றார் தம்பி. அவருக்கு அது சரிதான். கடனுக்குச் சரக்கு எடுத்த வெளியூர் வியாபாரிகளின் கணக்கு முழுவதும் அதற்குள் அல்லவா இருக்கிறது! கடைசியாக எப்போது பிரதி எடுத்தீர் என்று காசாளரைக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார்.

கணனி படித்த என் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். “மாமா, ஒண்ணையும் அழிக்க விடாதீங்க. திறக்கக்குள்ள எஃப் 8 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்க, சேஃப் மோட்டுக்குப் போங்க” என்றார். போனோம். கணனி அசையாமல் நின்றது!

அதிலேயே பாதி விடை இருந்தது. சேஃப் மோட்டில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானதை மட்டும் எழுப்பும். நாம் புதிதாகப் போட்ட வலையமைப்பு மென்பொருள் எழும்பாது. அங்கே நின்று, வழமையான முறையில் விழுந்தால் சந்தேகம் மென்பொருள் மேல். சேஃப் மோட்டிலும் விழுந்தால் மின்வழங்கி, நினைவகம், தூசி அடைத்த மின்விசிறி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றினோம். பிறகு, பிழை வந்தால் தானாக மீண்டும் தொடங்கும் அமைப்பை நிறுத்தினோம். எக்ஸ்பி அப்படித் தொடங்கும்படியேதான் வந்தது. நீலத்திரையை யாரும் வாசிக்க முடியாமல் போனது அதனால்தான். இம்முறை திரை நின்றது. புதிய மென்பொருளின் கோப்புப் பெயர் அதில் இருந்தது. ஏற்கனவே இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குள்ளும் ஒரு ஃபயர்வோல் இருந்ததாம். ஒரே வாசலுக்கு இரண்டு காவல்காரர்! சாதாரண மென்பொருள் பிழைத்தால் அது மட்டும் மூடும். இவை விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடுபவை. அங்கே பிழைத்தால் முழுக் கணனியும் நின்றுவிடும்.

சேஃப் மோட்டில் புதியதை நீக்கப் பார்த்தோம், எக்ஸ்பி விடவில்லை. ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ மூலம் முதல்நாள் நிலைக்குத் திரும்பினோம். அஸருக்கு முன் கடை வழமைக்கு வந்தது. தம்பிக்குரிய கூலியைக் கொடுத்தேன், கொஞ்சம் முகம் சுளித்துத்தான்.

பழைய கதைதானே என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் இதே மாதிரி விழுந்தன. விமான நிலையங்களும் வங்கிகளும் தடுமாறின. அங்கும் பலர் செய்தது, சேஃப் மோட்டுக்குப் போய்ப் பிழையான கோப்பை அழித்ததுதான்.

விண்டோஸ் 10, 11இல் எஃப் 8 பொதுவாக வேலை செய்யாது. தொடர்ந்து சில தடவை திறக்க முடியாமல் போனால் திருத்தும் திரை தானாகவே வரும். அதில் ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ வரை போனால் 4ஆம் இலக்கம் சேஃப் மோட், 9ஆம் இலக்கம் தானாக மீண்டும் தொடங்குவதை நிறுத்துவது. வன்தட்டு ‘பிட்லொக்கர்’ பூட்டுப் போட்டதாக இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கக்கூடும். அதை இன்றே தாளில் எழுதிக் காசுப் பெட்டிக்குள் வையுங்கள். அந்தக் கணனிக்குள்ளேயே சேமித்து வைத்தால் பூட்டிய அலுமாரிக்குள் சாவியை வைத்த கதைதான். ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ சில கணனிகளில் நிறுத்தப்பட்டே இருக்கும். புதிய மென்பொருள் போட ஆள் வரும் நாளில், அவர் கணனியைத் தொடுமுன் அதை இயக்கச் சொல்லுங்கள்.