பெருங்குடல் முளைகளின் அளவும் கணிப்பொறிப் படமும்

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குச் சிறு சதை முளைகள் தோன்றுவதுண்டு. 'பாலிப்' எனப்படும் இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும் ஒரு சில, ஆண்டுகள் பல கழிந்தபின் புற்றுநோயாக மாறக்கூடும். முளை பெரிதாகப் பெரிதாக இவ்வபாயமும் மிகுகிறது. ஆகவே சி.டி. ஸ்கேன் மூலம் குடலை ஆராயும் மருத்துவர், முளையின் அளவைக் கொண்டே மேல்நடவடிக்கையை முடிவு செய்கிறார். 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட முளை காணப்பட்டால், உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி அதனை அகற்றுமாறு கூறுவர். 6 முதல் 9 மி.மீ. வரையுள்ள ஓரிரு முளைகளாயின், அவ்வாறே அகற்றலாம். அல்லது மூன்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் படமெடுத்துப் பார்க்கலாம். ஆதலின் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு நோயாளியின் வழியையே மாற்றிவிடக்கூடும்.

இப்படம் சாதாரண நிழற்படமன்று. பல திசைகளிலிருந்து செலுத்தப்பட்ட எக்ஸ்-கதிர்களின் அளவீடுகளைக் கொண்டு கணிப்பொறி கணக்கிட்டு உருவாக்குவதாகும். இக்கணக்கு முறையில் பெங்களூருக்குச் சிறப்பிடம் உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அளவீடுகளை அப்படியே பின்னோக்கிப் பரப்பினால் படம் மங்கும். பரப்புவதற்கு முன் அவற்றை ஒரு கணித வடிகட்டியில் செலுத்தினால், மிகக் குறைந்த கணக்கீட்டில் தெளிவான படம் கிடைக்கும் என்று அவர்கள் காட்டினர். அவ்வடிகட்டி இன்றும் அவ்விருவர் பெயராலேயே 'ராம்-லாக்' என வழங்கப்படுகிறது. அதே நகரில், அடுகோடி வழியே செல்லும் ஓசூர்ச் சாலையை ஒட்டி, இன்று பெரிய மருத்துவ நிலையங்கள் பல அமைந்துள்ளன.

கூர்மையான வடிகட்டி, விளிம்பைத் தெளிவாக்கும்போதே படத்தின் இரைச்சலையும் பெருக்கிவிடுகிறது. மென்மையான வடிகட்டி இரைச்சலை அடக்கும். ஆனால் விளிம்பை அகலப் பரப்பும். படத்துண்டின் தடிமன் மிகுந்தாலும் இதே விளைவு உண்டாகிறது. ஒரு புள்ளியில் பாதி காற்றும் பாதி சதையுமாக இருந்தால், அதன் மதிப்பு இரண்டின் சராசரியாகவே அமையும்.

எனவே 'முளை எங்கே முடிகிறது?' என்பதே முதல் வினாவாகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் காற்றின் மதிப்பு -1000. சதையின் மதிப்பு ஏறத்தாழ +40. மங்கிய விளிம்பில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மதிப்புகள் யாவும் இருக்கும். சதைக்கு ஏற்ற குறுகிய ஒளியமைப்பில் -160-க்குக் கீழுள்ளவை முற்றும் கறுத்து விடுவதால் முளை சிறிதாகத் தோன்றும். அகன்ற ஒளியமைப்பில் அதே விளிம்பும் புலனாகி முளை பெரிதாகத் தெரியும். அளவெடுக்க அகன்ற அமைப்பே பரிந்துரைக்கப்படுகிறது.

வெட்டுத்தளமும் முக்கியமானது. நீண்ட முளையைக் குறுக்குவெட்டில் மட்டும் அளந்தால் அதன் நீளம் தவறிப்போகும். நீளம் முழுதும் தெரியும் தளத்தைத் தேர்ந்தே அளத்தல் வேண்டும். குடலில் தங்கிய கழிவைக் கணிப்பொறியால் படத்திலிருந்து நீக்கும்போது முளையின் ஓரமும் சிறிது அரிக்கப்படலாம். கன அளவில் பிழை இன்னும் மிகும். 9 மி.மீ. விட்டமுள்ள கோளத்தைவிட 10 மி.மீ. கோளம் கன அளவில் சுமார் 37 விழுக்காடு பெரியது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். உறைபடிந்த மின்விளக்கின் முன் ஒரு நாணயத்தைப் பிடித்து, சுவரில் விழும் நிழலை மாணவர் இருவரைத் தனித்தனியே அளக்கச் செய்க. நாணயம் மாறாதிருந்தும் இருவர் அளவும் ஒத்திராது. விளிம்பாக எதனைக் கொள்வது என முன்னரே வரையறுத்துவிட்டால் வேறுபாடு குறையும்.

களப்பணியாளர் நோயாளிகளுக்குக் கூறவேண்டியதும் இதுவே. பழைய படங்களை அறிக்கையோடும் குறுந்தகட்டோடும் பத்திரப்படுத்துக. மறு பரிசோதனையின்போது அவற்றை மருத்துவரிடம் காட்டுக. இரு படங்களையும் ஒரே முறையில் அளந்தால்தான் முளை உண்மையில் வளர்ந்ததா, அன்றி அளவு முறை மட்டும் மாறியதா என்பது விளங்கும். மலத்தில் இரத்தம் காணப்பட்டால், முன்னர் எடுத்த படத்தில் முளை சிறியதென்று கூறப்பட்டிருப்பினும் காலம் தாழ்த்தலாகாது.