அணுவின் ஒளியும் அயலிலுள்ள சுவரும்

எம்பிலிப்பிட்டிய அமைந்துள்ள இரத்தினபுரி மாவட்டம் மாணிக்கக் கற்களுக்குப் பேர்பெற்றது. சிவந்த கெம்புக் கல்லின்மீது ஊதாக்கடந்த கதிர்களைச் செலுத்தினால், பெரும்பாலும் அது செந்தணல்போல் ஒளிரும். கல்லிற் சிறிதளவே கலந்துள்ள குரோமியம் சக்தியைப் பெற்று அருட்டப்பட்ட நிலையை அடைகின்றது. சில மில்லிசெக்கன்கள் அந்நிலையில் தங்கிப் பின்னர்ச் செவ்வொளியை வெளிவிடுகின்றது.

இவ்வாறு தங்கும் காலம் அணுவின் பிறவிக்குணம் என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். பாடநூல் அட்டவணைகளும் அணுவுக்கு அணு ஒரே எண்ணைத் தருகின்றன. ஆயினும் அணுவின் அருகே ஓர் உலோகத் தகட்டை வைத்தால் அந்த எண் மாறிவிடும்! அணுவைத் தொடாமலே அதன் ஆயுளைத் தகடு எவ்வாறு மாற்றுகின்றது?

வீணைத் தந்தியை நினைத்துப் பார்ப்போம். இரு முனைகளிலும் கட்டப்பட்ட தந்தியில், அதன் நீளத்தைப்போல் இருமடங்கிலும் நீண்ட அலை நிலைபெற இயலாது. ஒளியும் மின்காந்த அலையே. நற்கடத்தியான உலோகத்தின் பரப்பில், பரப்புக்குச் சமாந்தரமான மின்புலம் அற்றுப்போகும். ஆகவே இரு தகடுகளுக்கிடையிலுள்ள இடைவெளி அலைநீளத்தின் பாதியிலும் குறைந்தால், அத்தகைய மின்புலத்தையுடைய அலைக்கு அங்கே இடமில்லை. கொடுக்க அணு ஆயத்தமாயிருந்தும், ஏற்றுக்கொள்ள வெளி ஆயத்தமாயில்லை.

சூழலுக்கேற்ப ஒளிவீச்சின் வேகம் மாறும் என்பதை 1946இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் பர்செல் சுருக்கமாக எடுத்துரைத்தார். 1960களில் செர்மனியில் திரெக்ஸ்ஹாகே என்பார் கண்ணாடியாடியின்மீது, ஒரு மூலக்கூற்றின் தடிப்பேயுள்ள கொழுப்பமிலப் படலங்களை அடுக்கடுக்காகப் படியவைத்து, அவற்றின்மேல் யூரோப்பியச் சேர்வையை வைத்தார். ஆடிக்கும் யூரோப்பியத்துக்குமிடையே தூரம் கூடக்கூட, ஒளிரும் காலம் ஏறியும் இறங்கியும் வந்தது. குளத்து அலை அணைக்கட்டில் மோதித் திரும்புவதுபோல, ஆடியில் மோதிய ஒளியும் அணுவிடம் திரும்புகின்றது. திரும்பிய அலை அணுவின் அசைவுடன் எவ்வாறு பொருந்துகின்றதோ, அதற்கேற்ப ஒளிவீச்சு விரைவுறும் அல்லது தாமதமுறும்.

இத்துறையில் இந்தியருக்கும் சிறந்த பங்குண்டு. பின்னர் ஐதராபாத் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கிய கிரிஷ் அகர்வால், கடத்திகளும் மின்கோடுபுகு பொருள்களும் அருகிலிருக்கையில் மின்காந்தப் புலமும் அணுவும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு 1975இல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதிக் கணித அடிப்படை வகுத்தார். அணுவையும் சுவரையும் வெவ்வேறாகக் கருதாது, ஒரே கணக்கில் வைத்து ஆராய்ந்தமையே அவற்றின் சிறப்பு.

சோதனைகள் தொடர்ந்தன. 1983இல் பாரிசில் செர்ஜ் அரோஷ் குழுவினர், மீகடத்தியாலான குழிவினுள் சோடிய அணுக்களைச் செலுத்தி, அவற்றின் கதிர்வீச்சைப் பன்மடங்கு விரைவுபடுத்தினர். மாறாக, 1985இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் கிளெப்னர் குழுவினர், சீசிய அணுக்களைத் தகடுகளிடையே செலுத்தி, அவற்றின் ஆயுளைக் குறைந்தது 20 மடங்கு நீட்டினர். 1987இல் யேல் பல்கலைக்கழகத்தில், 1.1 மைக்ரோமீற்றர் இடைவெளியுள்ள ஆடிகளுக்கிடையே அருட்டப்பட்ட அணுக்கள், தம் இயற்கை ஆயுளைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு காலம் குறிப்பிடத்தக்க சிதைவின்றிச் சென்றன. தகட்டுக்குச் செங்குத்தான மின்புலத்தை இத்தடை கட்டுப்படுத்தாது. எனவே அணுக்களைத் தக்க திசையில் ஒழுங்குபடுத்தியே இவை நிகழ்த்தப்பட்டன.

தனித்த குவாண்டத் தொகுதிகளை அளந்து கையாளும் முறைகளுக்காக அரோஷும் டேவிட் வைன்லண்டும் 2012இல் நோபெல் பரிசு பெற்றனர். இன்று நுண்ணிய குழிவுகளுள் ஒளிமூலங்களை அமைத்து, ஒவ்வொரு போட்டோனாக வெளிவரச் செய்கின்றனர். இரகசியச் செய்தித்தொடர்புக்கு இது பெரிதும் வேண்டப்படுகின்றது.

அட்டவணையிலுள்ள எண் பிழையன்று. அது திறந்த வெளியிலுள்ள அணுவுக்குரியது. எந்த நிலைமையில் அளந்த எண் என்று கேட்கப் பழகும் மாணவனே விஞ்ஞானத்தின் வாயிலில் நிற்கின்றான். வெற்றிடம் என்று நாம் தள்ளிவிடும் இடமும், அதனைச் சூழ்ந்த சுவரும், அணுவின் வாழ்விற் பங்குகொள்கின்றன என்பதே இவ்வாராய்ச்சி நமக்குத் தரும் பாடம்.