நாலு சக்கரமும் இழுக்கும் கார்!

மழைக் காலத்தில் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கக் கூடிய காட்சிதான். தெருவோரச் சேற்றில் ஒரு கார் அகப்பட்டுக் கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரை அமுக்குகிறார். பின் சக்கரங்கள் இரண்டும் 'விர்' என்று சுழல்கின்றன. தள்ளிவிட வந்த புண்ணியவானின் வேட்டி முழுதும் சேறு! கார் மட்டும் ஓர் அங்குலம் கூட நகரவில்லை. முன் சக்கரங்களோ, "எங்களுக்கு என்ன வந்தது?" என்று சும்மா நிற்கின்றன.

கூட்டுக் குடும்பத்தில் இரண்டு பேர் உழைக்க, இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது போலத்தான் இதுவும். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்கள் உழைக்கின்றன. பின் சக்கரங்கள் பின்னாலேயே உருண்டு வருகின்றன. எப்படிப் பார்த்தாலும் உழைப்பது இரண்டே இரண்டுதான்.

நாலையும் உழைக்க வைத்தால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பெரிய கம்பெனி முதலாளிகளும் உண்டு. ஆனால் சொந்தப் பட்டறையில், சொந்தக் காசைப் போட்டு, கையெல்லாம் கிரீஸும் கரியுமாக நின்று விடை தேடியவர்களின் கதைதான் சுவாரசியமானது. அந்தக் கதையில் நம் வீட்டுப் பெண்கள் தெரிந்து கொள்ள வேண்டிய ஒரு பாடமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பட்டறைக்காரரின் யோசனை

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் கிளின்டன்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே ஆட்டோ ஸாக்கோவ் என்பவர் மைத்துனர் வில்லியம் பெஸர்டிக்குடன் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தார். ஒரு நாள் அவர் ஓட்டிய கார் மணலில் சிக்கிக் கொண்டதாம். முன்னால் போக எவ்வளவு முயன்றும் பயனில்லை. பின்னோக்கி ஓட்டியதும் கார் மேலே ஏறி வந்துவிட்டதாம்! 'உழைக்கிற சக்கரம் முன்னால் நின்று இழுத்தால் இவ்வளவு பலன் உண்டென்றால், நாலும் சேர்ந்து உழைத்தால் எப்படி இருக்கும்?' என்று அவருக்குத் தோன்றியது என்று சொல்வார்கள்.

தோன்றுவது சுலபம், செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. பின் சக்கரம் நேராக ஓடினால் போதும். முன் சக்கரமோ வளைவுகளில் இடமும் வலமும் திரும்ப வேண்டும். திரும்பிக்கொண்டே இருக்கும்போதும் எஞ்சினின் சக்தி அதற்குப் போய்ச் சேர வேண்டும். தோளும் முழங்கையும் போல மடங்கவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அப்படி ஒரு மூட்டை ஸாக்கோவ் கண்டுபிடித்தார். 1908-ஆம் ஆண்டு வாக்கில் இருவரும் கட்டிய காருக்கு 'போர்க் கப்பல்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த கம்பெனி முதல் உலக யுத்தத்தின்போது ஆயிரக்கணக்கான லாரிகளைச் செய்து அனுப்பியது.

எதிரிகள் சம்பந்திகளான கதை

இனி இங்கிலாந்துக்குப் போவோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் மட்டுமல்ல, பெட்ரோலுக்கும் ரேஷன். 1950-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் அந்த ரேஷன் நீடித்தது. புதுப் பந்தயக் கார் வாங்குவது சாதாரண மனிதருக்குக் கனவிலும் நடக்காது. ஆனால் யுத்தத்தில் மிஞ்சிய தளவாடங்கள் மலிவாகக் கிடைத்தன.

ஆர்ச்சி பட்டர்வொர்த் என்ற எஞ்சினியர் இந்தச் சமயத்தில்தான் ஒரு விநோதமான காரைக் கட்டினார். அமெரிக்க ராணுவ ஜீப்பின் நாலு சக்கர இயக்க உறுப்புகளை எடுத்துக் கொண்டார். எஞ்சின்? அது எதிரிப் பாசறையிலிருந்து வந்தது! ஜெர்மன் ராணுவத்துக்காக ஆஸ்திரியாவின் ஸ்டைர் கம்பெனி செய்த எட்டு ஸிலிண்டர் எஞ்சின். தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிர்விக்கப்படுவது. யுத்த களத்தில் ஒன்றை ஒன்று சுட்டுக் கொண்டிருந்த இரண்டு பட்சத்தாரின் சாமான்களும் ஒரே காரில் சம்பந்தம் செய்து கொண்டன! பட்டர்வொர்த்தின் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, அந்தக் காருக்கு 'ஏ.ஜே.பி.' என்று பெயர்.

அவர் ஆசைப்பட்டது மலையேற்றப் பந்தயம். ஊஸ்டர்ஷயரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்று ஓர் இடம் இருக்கிறது. 1905-லிருந்து அங்கே பந்தயம் நடக்கிறது. பாதையின் நீளம் ஆயிரம் கஜம்தான். ஒவ்வொரு காராகப் புறப்பட்டு மேட்டில் ஏற வேண்டும், கடிகாரம்தான் எதிராளி. புறப்படும் கணத்தில் சக்கரம் வீணாகச் சுழன்றால் பந்தயம் போயிற்று. நாலு சக்கரமும் தரையைக் கவ்விக் கொண்டு பாயும் கார் அங்கே எப்படிப்பட்ட அனுகூலம் பெற்றிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? பெரிய தொழிற்சாலை ஒன்றும் பின்பலமாக இல்லாத ஒரு தனி மனிதரின் காரை ஜனங்கள் ஆச்சரியத்துடன் பார்த்தார்கள்.

பிரதட்சிணம் செய்யும் சக்கரங்கள்

ஜீப்பின் உறுப்புகளை வாங்கிப் பூட்டிவிட்டால் போதாதா, அதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கோயிலில் பிரதட்சிணம் செய்வதை நினைத்துக் கொள்ளுங்கள். நாலு பெண்கள் கைகோத்துக் கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். நேர்ப் பாதையில் கவலையில்லை. மூலை திரும்பும்போது உள் பக்கம் இருப்பவள் மெதுவாக அடி வைக்க, வெளிப் பக்கத்தவள் எட்டிப் போட்டு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கை இழுபடும். யாராவது தடுக்கி விழுவார்கள்.

கார்ச் சக்கரங்களும் அப்படியே. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இதற்கு இடம் கொடுக்கும் பற்சக்கர அமைப்புக்கு 'டிபரென்ஷியல்' என்று பெயர். இரண்டு சக்கரம் இழுக்கும் காருக்கு ஒன்று போதும். நாலு சக்கரத்துக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. அதோடு முடியவில்லை. வளைவில் முன் ஜோடி போகும் தூரமும் பின் ஜோடி போகும் தூரமும் கூட ஒன்றல்ல! ஆகவே நடுவிலும் ஒன்று தேவை. ஜீப்பில் அந்த நடு அமைப்பு கிடையாது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிக் கொள்ளும். காய்ந்த தார் ரோட்டிலோ உறுப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று முறுக்கிக் கொள்ளும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஜீப்பின் உறுப்புகள் 60 குதிரைச் சக்தி எஞ்சினுக்காக அளவெடுத்துச் செய்தவை. அதில் பந்தய எஞ்சினைப் பூட்டினால், மண் சட்டியில் வெங்கலப் பானைச் சுமையை ஏற்றியது போலத்தான். எங்கே பலவீனமோ அங்கே முறியும்.

"அப்படியானால் முன்னே ஓர் எஞ்சின், பின்னே ஓர் எஞ்சின் வைத்தால் என்ன?" என்றும் சிலர் கிளம்பினார்கள். பந்தயக் கார் நிபுணரான ஜான் கூப்பர் சின்ன 'மினி' காரில் இதைச் செய்து காட்டினார். 1963-ல் இரட்டை எஞ்சின் மினி ஒன்று ஸிஸிலித் தீவின் டார்கா ப்ளோரியோ பந்தயத்திலும் ஓடியது. பின் எஞ்சின் சூடேறித் தொல்லை கொடுத்ததுதான் கண்ட பலன். பிறகு இரட்டை எஞ்சின் மினி ஒன்றைச் சாலையில் ஓட்டிப் போனபோது கூப்பரே விபத்துக்குள்ளாகிப் படுகாயம் அடைந்தார். அந்த யோசனை அத்துடன் மூட்டை கட்டப்பட்டது.

மறந்த பாடம்

பட்டர்வொர்த்துக்கும் சோதனை வந்தது. 1951-ல் அதே ஷெல்ஸ்லி வால்ஷ் மேட்டில் அவருடைய கார் விபத்துக்குள்ளாயிற்று. பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தார். பந்தயம் ஓட்டுவதை அத்துடன் விட்டுவிட்டார்.

பந்தய மேட்டை விட்டுச் சாதாரணச் சாலைக்கு வருவோம். நாலு சக்கரமும் இழுக்கும் எந்தக் காரிலும் ஓர் ஆபத்து ஒளிந்து கொண்டிருக்கிறது. நான் சொல்வதாகச் சொன்ன பாடம் இதுதான்.

மழை பெய்த சாலையில் சாதாரணக் காரைச் சற்று வேகமாகக் கிளப்பினால் சக்கரம் வழுக்குகிறது. அது ஓர் எச்சரிக்கை. "அப்பனே, இன்று தரை சரியில்லை, நிதானம்!" என்று கார் சொல்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் கார் இந்த எச்சரிக்கையைச் செய்யாது. ஈரமோ, மணலோ, சமர்த்தாகக் கிளம்பிவிடும். ஓட்டுகிறவருக்குத் தைரியம் பிறக்கிறது. தரையைப் பற்றிய நினைப்பே போய்விடுகிறது.

ஆனால் நிறுத்த வேண்டிய சமயம் வந்தால்? பிரேக் எல்லாக் கார்களிலும் நாலு சக்கரங்களையும்தான் பிடிக்கிறது. ஆகவே நிற்பதில் இந்தக் காருக்குத் தனிச் சலுகை ஒன்றுமில்லை. ஈரச் சாலை எல்லோருக்கும் ஈரச் சாலைதான். இன்னும் சொன்னால், கூடுதல் உறுப்புகளால் காரின் எடையும் கூடியிருக்கும். புறப்படுவதில் புலி, நிற்பதில் எல்லோரையும் போல! வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்ட பின் கார் ஓடி நிற்கும் தூரம் நாலு மடங்காகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கும் எண்பதில் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இது.

அதனால்தான் வீட்டில் கார் கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் எஞ்சினிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் சட்டம், பிறகு ஸ்டியரிங், பிறகு பிரேக். கடைசியில்தான் எஞ்சினின் சக்தியை ஏற்றுவது. ஒவ்வொரு பற்றவைப்பையும் தட்டிப் பார்க்க வேண்டும். தான் செய்த வேலையைத் தானே பார்த்து மெச்சினால் போதாது. இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே ஒரு பரீட்சை உண்டு. வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வருமுன் அதிகாரிகள் அதன் பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை, இருக்கைப் பட்டை எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். தெருவில் போகிறவர் மேல் படக்கூடிய கூரான விளிம்பு இருந்தால் கூடப் 'பெயில்' தான்!

நம் நாட்டில் சட்டம் இன்னும் கண்டிப்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதற்குத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. வீட்டுப் பிள்ளை 'காரைக் கொஞ்சம் மாற்றப் போகிறேன்' என்று கிளம்பினால், முதலில் இதை நினைவூட்டுங்கள். பந்தயத் தடம் வேறு. நாலு பேர் நடக்கும் ரோடு வேறு.

பட்டறையிலிருந்து உலகத்துக்கு

தனி மனிதர்கள் தொடங்கிய முயற்சி வீண் போகவில்லை. 1977-ல் பின்லாந்துப் பனியில் கார்களைச் சோதித்துக் கொண்டிருந்த ஆடி கம்பெனி எஞ்சினியர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். குறைந்த சக்தியுள்ள ஒரு ராணுவ வண்டி, பலம் பொருந்திய மற்றக் கார்களைப் பனியில் சிரமப்பட வைத்தது. காரணம், நாலு சக்கர இயக்கம்! அதிலிருந்து பிறந்து, 1980-ல் வெளிவந்ததுதான் 'குவாட்ரோ'. நடு டிபரென்ஷியலும் அதில் உண்டு.

அடுத்த ஆண்டே, இத்தாலியின் ஸான்ரெமோ ராலியில் குவாட்ரோவை ஓட்டி வெற்றி பெற்றவர் யார் தெரியுமா? மிஷேல் மூட்டோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி! பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவரும் பெண்தான், பாப்ரிஸியா போன்ஸ். உலக ராலிப் பந்தயத்தில் ஒரு பெண் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. 1985-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றத்திலும் மூட்டோன் 11 நிமிஷம் 25 விநாடிகளில் ஏறி, ஆண்கள் அத்தனை பேரையும் பின்னுக்குத் தள்ளினார்.

சரி, பட்டர்வொர்த்தின் கார் என்னவாயிற்று? அதை ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கிக் கொண்டு போயிற்று. எந்தக் கம்பெனி? கிளின்டன்வில் பட்டறைக்காரர்களின் முயற்சியில் பிறந்த அதே கம்பெனி! பில் மில்லிகன் என்ற விமான எஞ்சினியர் அதைப் பந்தயங்களில் ஓட்டினார். 'பட்டர்பால்' என்று செல்லப் பெயரும் வந்தது. காரின் ஓட்டத்தையும் வளைவையும் கணக்குப் போட்டு ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட மில்லிகன், 2012-ல் தமது 101-ஆம் வயதில் காலமானார். பட்டர்பாலோ பிற்காலத்தில் கிளின்டன்வில்லின் காட்சிசாலையிலேயே இடம் பெற்றது. மகள் சுற்றிச் சுற்றித் தாய் வீடு வந்து சேர்ந்த மாதிரி!

ஆகவே, வீட்டில் புதுக் கார் வாங்கினாலும் சரி, பிள்ளைகள் கட்டப் போவதாகச் சொன்னாலும் சரி, ஆண்பிள்ளைகள் எல்லோரும், "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டுக் கொண்டிருப்பார்கள். நீங்கள் அடுக்களை வாசற்படியில் நின்றபடியே வேறு ஒரு கேள்வி கேளுங்கள்.

"எவ்வளவு தூரத்தில் நிற்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு ஏறி உட்கார்ந்தால் போதும்.